தேசப்பன் பாயில் ஒரு வெள்ளை வட்டம்

போன வெள்ளிக்கிழமை காலையில் வாசல் கதவைத் திறக்கிறேன், படியில் மலை மாதிரி துணிக் குவியல்! பழுப்பு நிறம், உப்பு வாடை, மீன் வாடை... எல்லாம் கட்டுமரத்துப் பாய்கள்.

“என்னடி இது? நம்ம வீடு எப்ப ஹார்பர் ஆச்சு?” என்றார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர். துறைமுகத்துக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். சாயங்காலம் ஐந்துக்கே ஆபீஸ் விட்டாலும் சிநேகிதர், காபி, அரட்டை என்று ராயபுரம் முழுவதும் சுற்றிவிட்டு, இஷ்டப்பட்ட நேரத்துக்கு வந்து, “தோசை ஆறிப்போச்சே” என்று குறை சொல்கிறவர். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பாரே!

“ஹார்பர் இல்லை, தையல் கடை” என்றேன். சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. ஏன் நிமிராது?

என் தையல் மெஷின், கப்பலேறிப் போன ஓர் ஆங்கிலோ-இந்திய அம்மாளிடம் வாங்கியது. கூடவே ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதற்குள் சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள். மடிப்புத் தைக்க ஒன்று, சுருக்கு வைக்க ஒன்று. ஒன்றுக்கு மட்டும் உபயோகமே தெரியவில்லை. விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, அதன்மேல் முன்னும் பின்னும் நகர்கிற கூரான முனை. இவர் அதில் பல் குத்தப் பார்த்தார்!

ஒரு மத்தியானம் சும்மா அதை மெஷின் பலகையில் வைத்துத் திருகினேன். துணியை அந்த முனையில் குத்திவிட்டு மிதித்தேன். அடடா! துணி தானாகவே சுற்ற ஆரம்பித்தது. முனை நடுவில் அசையாமல் நிற்க, துணி அதைச் சுற்றிவர, ஊசி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. வட்டம்! பள்ளிக்கூடத்துக் காம்பஸ்கூட அப்படிப் போடாது.

அப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியுமா? தலையணை உறை, பால் செம்பு மூடும் துணி, ரேடியோவின் போர்வை – வீட்டில் வட்டம் விழாத துணியே கிடையாது.

“வட்டம் போட்டு என்ன ஆகப்போகுது? நாளைக்கு என் வேட்டியிலயும் போடுவே” என்றார் இவர்.

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை வந்தாள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். கூடையை இறக்கியவள், பால் செம்பை மூடிய துணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யக்கா, இன்னாக்கா இது, இம்மாம் ஒயுங்கா கீது! எங்க வூட்டாளு பாயில இந்த மேரி ஒண்ணு பெர்சா போட்டுத் தருவியா?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“போன மாசம் காத்து அட்ச்சுதே, அன்னிக்கு கட்டுமரமெல்லாம் திரும்பி வந்துகினு இருந்துச்சு. அல்லாப் பாயும் ஒரே கலரு. முன்னாடி வந்தது எங்க வூட்டாளுதான்னு தண்ணில எறங்கி ஓடினேன்க்கா. கிட்டப் போனா வேற ஆளு. அப்பால அது வர்ற வரிக்கும் மண்ணுல குந்திகினு கெடந்தேன். உசிரே என்கிட்ட இல்ல.”

“வேற கலர்ல ஒரு ஒட்டுப் போட்டுக்கோயேன், அஞ்சலை.”

“ஒட்டு இல்லாத பாயி ஏதுக்கா? அல்லாத்துலயும் சதுரமா, கோணலா கீது. வட்டமா எவன் பாயிக்கா கிழியும்?”

எவ்வளவு சரியான பேச்சு! கொஞ்சம் நெளிந்தால்கூட, தூரத்துப் பார்வைக்கு அது இன்னொரு ஒட்டுதான். வட்டம் என்றால் அப்பழுக்கில்லாத வட்டமாக இருக்க வேண்டும். என்னை விட்டால் அதற்கு ஆள் ஏது?

தைக்க உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. என் கருவி உள்ளங்கை அளவு வட்டம்தான் போடும். கடலில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? யோசித்தேன். சூட்சுமம் அந்த முனையில்தானே இருக்கிறது? மெஷினுக்கு இடப்பக்கம் அதே உயரத்துக்கு ஒரு பலகையைப் போட்டு, அடியிலிருந்து மெல்லிய ஆணி ஒன்றை மேல்நோக்கி அடித்தேன். ஊசிக்கும் ஆணிக்கும் நடுவே ஒரு முழம். தகரப் பெட்டிச் சாமானுக்கு ஒரு பெரிய அண்ணன் தயார்!

வெள்ளைத் துணிக்கு இவருடைய பழைய வேட்டி. நாலாக மடித்துப் பாயின் உச்சிப் பக்கம் வைத்தேன். இவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆணியில் குத்தப் போகும்போது, பாயைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த அஞ்சலையின் புருஷன் தேசப்பன் குறுக்கே கையை நீட்டினான். நல்ல ஆகிருதி, நல்ல கோபம்.

“யம்மா, கடலுக்குப் போற பாயில ஓட்ட போடறியா? பேஜாரு புடிச்ச வேலை! காத்து அது வயியா பூடும்.”

நான் பதில் யோசிப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டாள். “ஏன்யா, ஊசி போற ஓட்ட ஒரு ஓட்டயா? அப்ப பாயி இன்னா ஓட்ட போடாமலா தச்சுது? சும்மா கெட!”

தேசப்பன் சும்மா கிடந்தான்.

பாய் சுற்ற வேண்டும், அறையில் இடமில்லை. மெஷினைத் தெருவுக்குக் கொண்டுவந்தோம். உச்சி போக மீதிப் பாயை நீளமாகச் சுருட்டினோம். மெஷின் கைக்கு அடியில் அதை ஒருவர் தள்ள, அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க, நான் மிதித்தேன். பாய் திரும்பத் திரும்ப, பிடித்திருந்த இரண்டு பேரும் அதோடு நடந்தார்கள். ஒரு பக்கம் தேசப்பன், மறு பக்கம் இவர். கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தாலும் வட்டம் போச்சு!

“மெதுவா! மெதுவா! வீட்டுக்குத்தான் லேட்டா வர்றீங்க, இங்கே என்ன அவசரம்?” என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது.

“இன்னாமா, கோயிலு சுத்தறா மேரி சுத்த உடறியே!” என்று தேசப்பன் முணுமுணுத்தான். ஆனால் கால்கள் என் ஊசியின் வேகத்துக்குத்தான் நடந்தன.

ஒரு ஊசி ஒடிந்தது. மாற்றிக்கொண்டு மறுபடி மிதித்தேன். கடைசியில் ஊசி வந்து, முதல் தையலின் வாயிலேயே இறங்கியது. ஒரு நூல்கூட விலகவில்லை! வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேட்டியைக் கத்தரித்துவிட்டுப் பாயை விரித்தோம். பழுப்புப் பாயில் முழு வெள்ளை வட்டம். கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது. ஆணி போட்ட ஓட்டையைத் தேசப்பன் தேடினான், அகப்படவில்லை.

இது நடந்து சில நாள் கழித்து, மத்தியானம் வானம் சட்டென்று இருண்டது. ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கடற்கரைக்கு ஓடினேன்.

குப்பத்துப் பெண்கள் எல்லோரும் மணலில் நின்றிருந்தார்கள். தூரத்தில் பாய்கள், எல்லாம் ஒரே நிறம், அலை தூக்கும்போது தெரிந்து, இறக்கும்போது மறைகின்றன. அஞ்சலை என் கையைப் பிடித்தாள். தையல் பிரிந்திருந்தால்? அலையில் நனைந்து வட்டம் கோணிப் போயிருந்தால்?

“யக்கா... அதோ... வட்டம்! வட்டம்க்கா!”

ஆமாம், வட்டம்தான்! இருட்டு வானத்துக்குக் கீழே, நாலணாக் காசு அளவுக்கு, வெள்ளை வெளேரென்று! என் கண்ணாடி நனைந்துவிட்டது. மழையால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலை குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ராணியின் முகத்தைப் பார்த்தாள். ராணியின் புருஷனும் கடலில்தான். அவன் பாய் எது என்று யாருக்குத் தெரியும்? அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு நின்ற அஞ்சலை, தேசப்பன் கரை ஏறிய பிறகும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எல்லாக் கட்டுமரங்களும் வந்து சேர்ந்தன. ராணியின் புருஷன் வந்தது கடைசியில்.

“யக்கா, இவளுக்கும் ஒண்ணு போட்டுத் தா” என்றாள் அஞ்சலை.

அவள் ஒருத்தியோடு நிற்குமா? அப்படி வந்ததுதான் அந்த வெள்ளிக்கிழமைக் குவியல். எல்லோருக்கும் ஒரே வட்டம் போட்டால் பழைய கதைதானே? ராணிக்கு வட்டத்துக்குள் வட்டம். அடுத்தவளுக்கு மஞ்சள். அதற்கடுத்தவளுக்குப் பாதி வட்டம். எந்தப் பாய்க்கு எது என்று பென்சிலும் கையுமாகத் தீர்மானிப்பது யார் என்கிறீர்கள்? ‘வட்டம் போட்டு என்ன ஆகப்போகுது’ என்று கேட்டாரே, அவரேதான்! மெஷினைச் சுற்றி நடப்பதிலும் தெருவில் இப்போது இவரை மிஞ்ச ஆளில்லை. நான் பெருமைப்படுவதாக நினைக்கிறீர்களா? பின்னே, படாமல் என்ன செய்வேன்!

நேற்று அஞ்சலை வஞ்சிரத் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “முன்ன எல்லாம் எங்க வூட்டாளு எப்ப வரும்னு தெரியாது, சோறு ஆறிப் பூடும். இப்ப வட்டத்தப் பாத்துட்டுதான்க்கா உலையே வெக்கிறேன். அது கரைக்கு வர்றப்ப சோறு சுடச்சுட கீது.”

வேட்டியில் கொஞ்சம் துணி மீதி இருக்கிறது. இவருடைய கறுப்புக் குடையில் ஒரு வட்டம் போட்டுவிடலாமென்று இருக்கிறேன் – தெருமுனையில் தெரிந்ததும் தோசைக்கல்லை அடுப்பில் வைக்க வேண்டும் அல்லவா!