திரும்பிச் சுற்றிய மைக்

என் மனைவி டிரம்ஸ் வாசிப்பவள். இதை எழுதும்போதே எனக்கு முதுகு நிமிர்கிறது. வாரத்தில் ஆறு நாள் புதுச்சத்திரம் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் மக்காச்சோளத்தின் ஈரத்தைச் சோதிக்கிறாள். ஏழாம் நாள், திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறையில், கலைந்துபோன ஓர் ஆர்கெஸ்ட்ராவிடம் வாங்கிய பழைய செட்டின் முன்னால் உட்காருவாள். சன்னல் கம்பி அதிரும். அலமாரியில் டம்ளர் நகரும். நாற்பத்தாறு வயது. குச்சி விழுகிற இடத்தில் ஒரு சந்தேகமும் இராது.

நான் நேர்மாறு. ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பேருந்தில் கதை எழுதுவேன், நடந்துகொண்டே அடித்துத் திருத்துவேன், எழுதியதைவிட அடித்தது அதிகம். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெருவை நடக்கவைப்பாள்.

சென்னையில் சின்னப் படங்களுக்கு இசையமைக்கும் ஒருவர், அவள் வாசிக்கும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு அழைத்தார். ஆறு பாட்டு இருக்கிறது, வீட்டிலேயே பதிந்து அனுப்பினால் போதும் என்றார். முதலில் ஒரு பாட்டு. அது தேறினால் மீதி ஐந்தும் அவளுக்கு. தேறாவிட்டால் கம்ப்யூட்டரே டிரம்ஸ் வாசித்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் வியாழக்கிழமைக்குள் வேண்டும்.

மைக் வாங்கும் பொறுப்பை நானாகத் தலையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக் வைக்க நமக்கு ஆகாது. தலைக்கு மேலே இரண்டு, அவ்வளவுதான். ஓவர்ஹெட் என்பார்கள். மேலிருந்து முழுச் செட்டையும் கேட்கிற இரண்டு காதுகள். ஈரோட்டு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் ஹெட்போனை மாட்டி, ஒரே சிம்பலை, அதாவது டிரம்ஸின் வெண்கலத் தட்டை, விதவிதமான மைக்குகள் எப்படிக் கேட்கின்றன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மலிவில் பெரிய வாய் மைக்குகள் இருந்தன. எங்கள் அறையின் தாழ்ந்த கான்கிரீட்டையும் சேர்த்து விழுங்கிவிடும் என்று பயந்தேன். சில மைக்குகளில் சிம்பல், தோசைக்கல்லைத் திருப்பியால் சுரண்டியதுபோல் பல்லைக் கூசவைத்தது. கடைசியில் பென்சில்போல் ஒல்லியான இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். விலை அடக்கம். முக்கியமாக, ஜோடியாகவே விற்பது. இடது காது ஒன்று சொல்ல வலது காது வேறொன்று சொல்லக் கூடாது.

மனைவியின் அண்ணன், என் மச்சான், ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் பெட்டியைக் காட்டினேன்.

“ஓவர்ஹெட்டா மாப்ளே? டேங்க்கு நெறஞ்சா அதுவே கத்துமாக்கும்?”

பட்டறையே சிரித்தது.

“செரி, ஒயரு எதுக்குக் கடையில வாங்கறீங்க? நாந் தாரேன். நம்முளுது இழுத்தாலும் அறுகாது.”

அன்று மாலையே இரண்டு கேபிள் வந்தன. தடித்த ஒயர், பளபளக்கும் ஈயப்பற்று. மாட்டை வைத்து இழுக்கலாம்.

எங்கள் தெருவில் இரு பக்கமும் விசைத்தறி. ஞாயிறு மட்டும்தான் ஓயும். அந்த ஞாயிறு பஞ்சு மெத்தையைக் கூரையோடு சேர்த்துக் கட்டினோம், சத்தம் மோதித் திரும்பாமலிருக்க. ஸ்னேர் என்கிற, அவள் மடிக்கு முன்னாலிருக்கும் சின்ன டிரம்மின் நடுவிலிருந்து இரண்டு மைக்கும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டு நேரத்தில் போய்ச் சேரும். அளக்க டேப் கிடைக்கவில்லை. அவள் கொடியிலிருந்து ஒரு பாவாடை நாடாவை உருவித் தந்தாள். நான் அளக்க, அவள் முடிச்சுப் போட்டாள். நூல் பிசகாமல் நின்றது. வாசித்தாள். ஹெட்போனில் ஒவ்வொரு மைக்காகக் கேட்டு இரண்டும் நன்றாக இருக்கிறதென்று அனுப்பிவிட்டோம். சேர்த்து ஒரு தடவை கேட்கவில்லை. அவசரம் என்னுடையது.

திங்கட்கிழமை இசையமைப்பாளரின் குரல்செய்தி வந்தது.

“மேடம், வாசிப்பு பிரமாதம். சவுண்டுதான்... தகரத்துல தட்டுன மாதிரி இருக்கு. மைக் ரொம்ப சீப்போ? முடியலன்னா பரவால்ல, நான் கம்ப்யூட்டர்லயே பண்ணிக்கறேன்.”

சேர்த்துக் கேட்டேன். அவர் சொன்னது உண்மை. ஸ்னேரில் உடம்பே இல்லை. பெரிய டிரம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. சிம்பல் மட்டும் எங்கேயோ சலசலத்தது. பஸ்ஸில் நான் கேட்டுத் தீர்த்த அத்தனை மணி நேரமும் முகத்தில் வந்து அறைந்தது.

அவள் பெடலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

“வாசிப்புல குத்தமில்லைன்னுட்டாருல்லங்க?”

“மைக்கு நான் பொறுக்கினதுதான, புள்ள.”

“அதுக்குத்தாஞ் சொல்றேன். நீங்க சும்மா எதையும் பொறுக்க மாட்டீங்க. இன்னொருக்காப் பாருங்க. கம்ப்யூட்டருக்கெல்லாம் என்ற முக்காலியக் குடுக்க மாட்டேன்.”

ஆனாலும் செவ்வாய்க்கிழமை மைக்குகளைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பவே கிளம்பினேன். கேபிளை அண்ணனிடம் கொடுத்துவிடச் சொன்னாள். அதனால் வழியில் பட்டறைக்குள் நுழைந்தேன். மச்சான் என் மூஞ்சியைப் பார்த்தார்.

“என்னுங்க மாப்ளே, மோட்டார் எரிஞ்சவராட்டம் வாறீங்க?”

கைபேசியில் போட்டுக் காட்டினேன். இடது மைக் தனியாக. டிரம் கும்மென்று நின்றது. வலது தனியாக. அதுவும் நின்றது. இரண்டும் சேர்த்து. தகரம்.

மச்சான் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

“இன்னொருக்காப் போடுங்க.”

போட்டேன்.

“தனித்தனியா நல்லாருக்குது. சேந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுக்குது. அப்பிடித்தான?”

“அப்பிடித்தான்.”

“இது திரும்பிச் சுத்தற மோட்டாரு மாப்ளே! தண்ணி வரும். தூக்கல் இருக்காது.”

இந்தப் பக்கத்து ஆள் எவனுக்கும் இது தெரியும். புது மோட்டாரை இறக்கும்போது மூன்று பேஸ் ஒயரையும் ஏதோ ஒரு வரிசையில் கொடுப்பார்கள். போட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் வந்தும் வேகமில்லையென்றால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் நேராகிவிடும். அதனால் முதலிலேயே வரிசை பார்த்துக் கொடுக்கிற பழக்கம் மச்சானுக்குக் கிடையாது. மைக் கேபிளுக்குள்ளும் மூன்று முனை. ஒன்று எர்த். மற்ற இரண்டையும் மோட்டார் கணக்கில் கொடுத்திருக்கிறார். ஒரு கேபிள் தற்செயலாகச் சரியாக அமைந்தது. இன்னொன்று தலைகீழ். ஒரு மைக் உள்ளே இழுத்த அதே நொடியில் இன்னொன்று வெளியே தள்ளியிருக்கிறது. என் இரண்டு காதுகளும் ஒரே அடியைக் கேட்டுவிட்டு எதிரெதிராகச் சாட்சி சொல்லியிருக்கின்றன.

“பட்டறை வெச்ச நாள்ல இருந்து இப்பிடித்தான் குடுக்கறேன்,” என்றார். “மோட்டாரு எதுவுங் கோவிச்சுக்கலீங்க. உங்க மைக்குக்குத்தான் ரோசம் சாஸ்தி.”

பற்றவைக்கும் கோல் சூடேற, ஒரு கேபிளில் மட்டும் இரண்டு ஒயரும் இடம் மாறின. மறதிக்கு இருக்கட்டும் என்று கேபிளில் சிவப்பு டேப் ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார். மைக்குப் பெட்டி திரும்பி என்னோடு வீட்டுக்கு வந்தது.

ஞாயிறு வரை பொறுக்க நாளில்லை. ஆனால் புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தம். தறிகள் அடங்கின. ஞாயிற்றுக்கிழமைகூடத் தெரு இவ்வளவு மௌனமாக இருந்து பார்த்ததில்லை. எங்கோ ஒரு ஆடு கத்தியது, அதுவும் நின்றது. அவள் லீவு போட்டிருந்தாள். லேப்டாப்பில் இருந்த சார்ஜ்தான் எங்கள் ஸ்டுடியோ. மைக்குகளும் அதில்தான் உயிர் பிடித்திருந்தன. மின்விசிறி இல்லாத அறையில் அவள் நெற்றியிலிருந்து வியர்வை ஸ்னேர் மேல் சொட்டியது. நாடாவை வைத்து ஒருமுறை அளந்தேன். முடிச்சு அசையவில்லை.

முதல் அடி விழுந்தபோது ஹெட்போனில் தரை எழுந்து வந்தது. வேறெப்படிச் சொல்ல? ஸ்னேருக்கு நெஞ்சு வந்தது. பெரிய டிரம் என் விலாவில் கைவைத்தது. சிம்பல் விரிந்து, மினுங்கி, தன் பாட்டுக்கு அடங்கியது. உட்கார முடியாதவன், பாட்டு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இந்தமுறை அனுப்புமுன் கைபேசியிலும் போட்டுச் சேர்த்துக் கேட்டோம். அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள். ஆலையில் மூட்டை தேறினால் ஆட்டுவாளே, அதே ஆட்டல்.

வியாழன் மத்தியானம் மீதி ஐந்து பாட்டும் வந்து சேர்ந்தன. கூடவே, என்ன மைக் மாற்றினீர்கள் என்று ஒரு கேள்வி. மைக் கம்பெனியின் பெயரைக் கேட்டு அவள் என்னைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தேன். “மாத்தலைங்க. எங்க வீட்டுக்காரர் பொறுக்கினது” என்று தட்டி அனுப்பியிருந்தாள்.

அந்தப் பாட்டு வெளியான பிறகு பட்டறைக்குப் போயிருந்தேன். எருமப்பட்டியிலிருந்து மோட்டார் கொண்டுவந்த விவசாயி ஒருவர் முன்னால் மச்சான் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கவனிக்கவில்லை.

“கேளுங்க சாமி. அடிக்கறது என்ற தங்கச்சி. மைக்கு எங்க மாப்ள பொறுக்கினது.” பாட்டை நிறுத்திவிட்டு நெஞ்சைத் தட்டிக்கொண்டார். “நடுவுல ஒரு தப்பு நடந்துதுங்க. அது நானு!”