பத்து எழுத்தோடு நின்ற பெயர்கள்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. நிலக்கடலை, பாசிப்பயறு இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள்தான் என் வேலை. கீழக்குயில்குடிப் பக்கம் வெயிலில் செடி பிடுங்கி, முடிச்சை அறுத்து, கிருமியை வளர்த்து, அவற்றின் மரபணு வரிசைகள் கைக்கு வர இரண்டு வருடம் ஆனது.

பிறகு கம்ப்யூட்டர். வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பொருத்த ஒரு மென்பொருள். எது எதற்கு நெருங்கிய சொந்தம் என்று கிளைப்படம் போட இன்னொன்று. முதலாவது தரும் கோப்பு இரண்டாவதற்குப் புரியாது. நடுவே வடிவம் மாற்ற ஒரு சின்ன மென்பொருள் இருந்தது. அது பெயர்களைப் பத்து எழுத்தோடு வெட்டிவிடும். நான் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் அடித்து, கடைசியில் எண் போட்டிருந்தேன். பன்னிரண்டு மாதிரிகளும் வெறும் 'கீழக்குயில்' என்று நின்றன. நோட்டில் இருந்த வரிசைப்படி எண்களை நானே மறுபடி அடித்தேன்.

படத்தில் கடலைக் கிருமியும் பயற்றுக் கிருமியும் கலந்து நின்றன. புதுச் செய்தி என்று என் வழிகாட்டிப் பேராசிரியருக்குச் சந்தோஷம். கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம்.

ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர், சௌராஷ்டிர வீட்டு அக்கா ஒருவர். வடிவம் மாற்றும் வேலையை ஒரு மதியம் அவருக்கு என் கோப்புகளை வைத்தே காட்டிக்கொண்டிருந்தேன்.

"இரு, இரு. நீ மொதல்ல குடுத்தது இங்க ஏழாவதால்ல நிக்குது?"

பொருத்தும் மென்பொருள் ஒத்தவற்றை அருகருகே வைக்க, மாதிரிகள் நிற்கும் ஒழுங்கையே மாற்றியிருந்தது. நான் கவனிக்கவில்லை.

"எம்புட்டுக்கா மாறியிருக்கு?"

அவர் மெதுவாகச் சரிபார்த்தார். "பன்னெண்டுல ஒம்போது."

அன்றே பேராசிரியர் அறைக்குப் போனேன். "சார், நம்பரையெல்லாம் மாத்திப் போட்டுட்டேன். படம் தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "கட்டுரையத் திரும்ப வாங்கிருவோம். லெட்டர நீயே எழுதிட்டு வாம்மா. கையெழுத்துப் போடுறேன்."

குறுகிய பெயர்கள் வைத்து, ஒவ்வொன்றையும் மூலக் கோப்போடு ஒப்பிட்டு, எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். கடலையுடையவை ஒரு கிளையில், பயற்றுடையவை வேறு கிளையில். பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே இருந்ததுதான்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் கேட்டார்: "இதுல புதுசு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். ஆனா சரியா இருக்கு."

பட்டம் கொடுத்தார்கள். திருநகர் வீட்டுக்கு வந்து, யாருக்கும் சொல்லத் தோன்றாமல், செருப்போடு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.