வெள்ளைக்கோட்டுப் பறவை

அந்தச் சட்டம்பியார் தன் பள்ளிக்கூடத்தில் சில சாதிப் பிள்ளைகளை வாங்குப் பலகையில் இருக்க விடமாட்டார், அவர்களுக்கு நிலம்தான். கழுத்துச் சால்வையை நொடிக்கொருதரம் இழுத்துவிடுவார். ஒரு மார்கழியில் தொண்டைமானாற்றுக் கரையில், மட்டி தின்னும் சிவந்த அலகுப் பறவைகளை எனக்குக் காட்டினார்.

“அதுகள் ரெண்டு இனம். கழுத்திலை வெள்ளைக்கோடு இருக்கிறது நல்ல குடி. அந்த வெள்ளைக்கோட்டு நொண்டியைப் பாரும், என்ன ஆசாரம்!”

“ரெண்டும் ஒரே மட்டியைத்தானே தின்னுது?”

“தின்னட்டும். சம்பந்தம் வைக்காது.”

இந்த மண்டையிடம்தான் ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள்.

பங்குனியில் மீண்டும் அவருடன் போனபோது, இறகு மாறி எல்லாக் கழுத்தும் கறுத்திருந்தது. நொண்டியின் கழுத்தும்தான். எல்லாம் ஒரே இனம். விரல் நீட்டிக் காட்டினேன்.

அவர் சால்வையை இழுத்துவிட்டார். “பாத்தீரோ? சேரக்கூடாததுகளோடை சேர்ந்து கெட்டுப்போச்சுது.”