ஒன்றும் இல்லை என்று சொன்னேன்

போன ஞாயிறு ஜெயபுரத்தில் ஒரு பிள்ளைக்காகப் பரிந்து பேசப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் அயலவர் ராசமலர் அக்கா பல வருடம் கண்ணிவெடி அகற்றியவர். அவருடைய ஒரே மகள் நிலானிக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு அணுக்கரு இணைவு உலை பற்றி. சூரியனுக்குள் நடப்பதை ஓர் உருக்குக் கலனுக்குள் நடத்திப் பார்க்கிற வேலை. 'அணு' என்று கேட்டதுமே அக்கா மறுத்துவிட்டார்.

"மாமா, நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா" என்று நிலானி கெஞ்சினாள். பேப்பரில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நம்பிக்கை... அதைக் கெடுப்பானேன்?

"அக்கா, அதில ஒரு ஆபத்தும் இல்லை" என்றேன், அக்கா வீட்டுக் கதிரையில் அமர்ந்த கையோடு.

அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்டும் இல்லை எண்டு சொல்லுற ஆளை நாங்கள் வெடி கிடக்கிற காணிக்குள்ள இறக்கிறேல்லை."

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அக்கா மகளிடம் திரும்பினார். "நீ சொல்லு. பிழைச்சால் என்ன நடக்கும்?"

"அணுகுண்டு மாதிரி வெடிக்காதம்மா. உள்ளுக்கை இருக்கிறது துளி எரிபொருள். ஏதும் பிழைச்சால் தானா அணைஞ்சுபோகும். ஈர விறகு மாதிரி... எரிய வைக்கிறதுதான் பெரும்பாடு."

"அப்ப ஆபத்து?"

நிலானி தயங்கினாள். என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள்.

"ட்ரிட்டியம் எண்டு கதிர்வீச்சுள்ள ஐதரசன் ஒண்டு இருக்கு. கசிஞ்சால் தண்ணியோட சேர்ந்து உடம்புக்குள்ள போகலாம். உலையின்ர உள்சுவரிலயும் கதிர்வீச்சு ஏறும். கழட்டின பிறகும் கனகாலம் பூட்டிவைச்சுக் காக்கவேணும்."

போச்சு, காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

"வேலை முடிஞ்சும் கிடக்கும்..." என்றார் அக்கா மெதுவாக. "எது எங்கை கிடக்குது எண்டு குறிச்சு வைப்பினமோ?"

"ஓம் அம்மா. ஒவ்வொரு துண்டும்."

அக்கா எழுந்து மகளுக்குக் கிட்ட வந்தார்.

"இஞ்சையும் வெடி புதைச்ச இடங்களை அப்பிடிக் குறிச்சு வைச்சிருந்தால், என்னோட வேலை செய்த பிள்ளைக்கு இண்டைக்குக் கால் இருந்திருக்கும்" என்றார். பிறகு மகளின் தலையைத் தடவினார். "நீ மறைக்காமல் சொன்னனி. படிக்கப் போட்டு வா."

நிலானி அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு என் தென்னங்காணிக்குள் இறங்கி நடந்தேன். போர் முடிந்து மீள்குடியேறியபோது அதை அடி அடியாகக் கிளறிப் பார்த்துத் தந்தவர்களில் அக்காவும் ஒருவர். இத்தனை வருடத்தில் ஒருநாளாவது நன்றி சொன்னேனா? இல்லை. அதனால் இந்த வாரம் பேப்பரிலேயே ஊரறியச் சொல்கிறேன்.

அக்கா, என் இரண்டு காலும் உங்கள் தயவு.