ஓய்வுபெற்ற நீதிபதியின் சத்தியக் கடதாசி

ஜுனைதா மாத்தளை நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்த லாபிரின் மூத்த மகள். சட்டத்தரணியாகி ஊர் திரும்பியபோது, பொம்புளப் புள்ள கோர்ட்டு வாசலில் நிற்பதா என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். வாப்பா லாபிர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து ஆண்டுகள் ஊரில் வழக்காடினார். பிறகு நீதவான், மாவட்ட நீதிபதி, கடைசிப் பதினொரு ஆண்டுகள் மேல் நீதிமன்ற நீதிபதி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம். போன ஊர்களில் எவருடனும் நெருங்கிப் பழகியதில்லை. கல்யாண அழைப்பு வந்தால் வாழ்த்து மட்டும் அனுப்புவார். நாளைக்கு அந்த வீட்டார் வழக்கோடு வந்து நிற்கலாம் அல்லவா.

ஓய்வுக்கு ஓராண்டு இருக்கையில் ஒரு மேன்முறையீடு வந்தது. சிங்களம் தெரியாத ஒரு தொழிலாளி, குற்றச்சாட்டு என்னவென்று விளங்காமலே அதை ஒப்புக்கொண்டிருந்தார். ஜுனைதா தண்டனையை ரத்துச் செய்தார். விளங்காமல் சொன்ன 'ஆம்' ஒப்புதல் ஆகாது என்று தீர்ப்பில் எழுதினார். கையெழுத்திடும்போது வேலம்மாவின் நினைவு வந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முந்திய விஷயம். எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த வேலம்மா மீது ஏலக்காய் திருடியதாக வழக்கு. வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. கீழே அவருடைய கைநாட்டு. தான் எடுக்கவில்லை என்று வேலம்மா இரண்டு முறை சொன்னார். அவருடைய சட்டத்தரணி ஜுனைதாவுக்கு அன்று வேறு நான்கு வழக்குகள். ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று புத்தி சொன்னார். வேலம்மா தலையாட்டினார். அதன்பின் தோட்டத்தில் அவர் பெயரை வெட்டி, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது காதுக்கு வந்தும் ஜுனைதா போய் விசாரிக்கவில்லை.

ஓய்வுபெற்ற மறுவாரம் எல்கடுவ பஸ் ஏறினார். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான மகளின் லயக் காம்பராவில் இருந்த வேலம்மாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வழக்கைச் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எடுக்கலன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் ஒத்துக்கச் சொன்னேன். பிழை என்னோடது."

"அதை அன்னைக்கே ஜட்ஜய்யாகிட்ட சொல்லியிருக்கணுங்க," என்றார் வேலம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஜுனைதாவை அதிகம் சுட்டது.

"இப்பவும் சொல்லலாம். உங்களுக்கு விருப்பமா?"

வேலம்மா மகளைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

பழைய குற்றத்தீர்ப்பை நீக்கக் கோரி, அனுஷியா என்ற இளம் சட்டத்தரணி வேலம்மாவின் சார்பில் மனுத் தாக்கல் செய்தார். தன் தவறை ஒளிக்காமல் நீதிமன்றத்துக்குச் சத்தியம் செய்து சொல்லும் சத்தியக் கடதாசியை ஜுனைதா தானே எழுதினார். இத்தனை காலம் கட்டிக்காத்த பெயர் என்னாவது என்று நண்பர்கள் தடுத்தார்கள். அவருக்கும் பயம் இருந்தது. எதிர்த்தரப்பு, முப்பது ஆண்டுத் தாமதத்தைச் சுட்டிக்காட்டி மனுவைத் தள்ளக் கேட்டது. அந்தக் கடதாசி திறந்த மன்றில் வாசிக்கப்பட்டபோது, ஜுனைதா பொதுமக்களுக்கான வாங்குப் பலகையில் தலைகுனியாமல் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மாதங்களில் தீர்ப்பு வந்தது. குற்றத்தீர்ப்பு ரத்து. மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னதும் வேலம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தீர்ப்புக் கடதாசில ஒண்ணு எனக்குக் கிடைக்குமாங்க? தோட்டத்துல காட்டணும்."

ஜுனைதாவிடம் வேலம்மா நன்றியும் சொல்லவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. எல்கடுவ பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், பெயர் வெட்டிய பிறகு எந்தெந்த வீடுகளில் வேலை செய்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜுனைதா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.