போத்தல் மணல்

இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம். ஹாலிஎலைக்கு மேலே, வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் நான் சமையல் வேலை பார்த்தேன். தொரை சீமைக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பித்தளைச் சாமான்களை மினுங்க வைத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். அலுமாரியில் ஒரு போத்தல் நிறைய நைசான மணல் இருந்தது. புளியோடு சேர்த்துத் தேய்த்தேன். பொன்னாக மின்னியது.

காலிப் போத்தலைக் கண்டதும் தொரையின் முகம் வெளிறிவிட்டது.

“மணல் எங்கே?”

“பித்தளை வெளக்கினேங்க, தொரை.”

“அது யுத்தத்திலே நாங்க கப்பல்ல போய் எறங்கின கடற்கரை மணல். என் தம்பி அங்கேதான் செத்தான்.”

“அந்தச் சண்டையில நீங்கதானே ஜெயிச்சீங்க, தொரை?” என்று உளறினேன்.

“ஆமா. எதிரி தோத்தான்” என்றவர், பித்தளை கழுவிய தண்ணீர் ஓடிய பின்பக்கக் கானில் மண்டியிட்டு, புளிச்சக்கையை விலக்கி மணலைத் தேடினார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நூறு பேரை நடுங்க வைத்த மனிதர்! நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். ஒரு கரண்டிதான் தேறியது. அதிலும் பாதி தோட்டத்து மண்.

ஜெயித்தவருக்குத் தம்பி என்று மிஞ்சியிருந்தது அந்த மணல்தான். அதை வைத்து நான் பித்தளைப் பூச்சாடி தேய்த்தேன். இன்றைக்கும் மினுங்கும் பித்தளையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.