விடுப்பு கேட்டவர்

என்னோடு செவிலியராக வேலை பார்த்த சாந்தகுமாரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். புதன்கிழமை. ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், தாய்மார்கள் குழந்தைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். சந்தவாசலிலிருந்து அவருடைய தம்பி மனைவி பேசினார். "அண்ணி போய்ட்டாங்க சிஸ்டர். காலைல ஆறரைக்கு." மீதியிருந்த எட்டுக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டு முடித்த பிறகுதான் கிளம்பினேன். அக்கா என் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார் என்று பேருந்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். அந்த வீட்டுக்குள் நுழைய எனக்குப் பயமாக இருந்தது.

சென்ற வாரம் செவிலியர்கள் நாம் எல்லோரும் கூடி இரங்கல் கூட்டம் நடத்தினோம். பின்னால் கட்டியிருந்த பேனரில் 'விடுப்பே எடுக்காத சேவைச் செம்மல்' என்று போட்டிருந்தது. பேசியவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டீர்கள். தொண்டை சரியில்லை என்றேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அக்கா விடுப்பு எடுக்காதவர் என்பது உண்மைதான். ஆனால் விடுப்பு கேட்டவர். நாம் கொடுக்கவில்லை.

நாற்பத்தாறு வயதில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது உங்களில் பலருக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாது. ஒரு மழைக்காலத்தில் பிரசவ வலியோடு வந்த பெண்ணைக் கீழே அனுப்ப வேண்டியிருந்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மரத்துக்கு இந்தப் பக்கம் வரை அவளைக் கொண்டுபோக எங்களிடம் ஒரு வண்டி இல்லை. குழந்தை தங்கவில்லை. அடுத்த மாதமே அக்கா போளூரில் ஓட்டுநர் பயிற்சிக்குச் சேர்ந்தார். பழைய கார் ஒன்றை வாங்கி, தினமும் தானே ஓட்டிக்கொண்டு மலையேறினார். அந்த வளைவுகளில் பயமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "பயத்தோடதான் ஓட்டணும் மல்லிகா. அப்பத்தான் வளைவுக்கு முன்னாடியே ஹாரன் அடிப்போம்" என்றார்.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கைப்பேசியில் ஒரு காணொளி காட்டினார். ஆளே இல்லாத ஒரு சாலை, பக்கத்தில் பால் கலந்தாற்போல் நீல ஏரி, அதற்குப் பின்னால் பனி மூடிய மலைகள். நியூசிலாந்து. "இங்க நானே கார் எடுத்து ஓட்டப்போறேன். ஒம்போது நாளு. அங்கயும் நம்மூரு மாதிரி லெப்ட்லதான் போவணும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் மதிய வேளைகள் அந்தத் தீவுக்குப் போயின. ஜமுனாமரத்தூர் ஜெராக்ஸ் கடையில் வரைபடத்தைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டி, மருந்து மேசையின் மேல் விரிப்பார். முதல் நாள் ஓட்டவே கூடாது, தூக்கம் சரியாகட்டும். இரண்டாம் நாள் ஏரி வரை. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். மலைத்தேனும் சாமையும் எடுத்துப்போக ஆசைப்பட்டு விசாரித்தபோது, தேனை உள்ளே விடவே மாட்டார்கள் என்று தெரிந்தது. "வெதை, பழம், தேனு எதுவும் கூடாதாம். அவங்க மலைய அவங்க எப்டி பாத்துக்கறாங்க பாரு" என்று வியந்தார். அங்கே ஒரு வண்டி மட்டும் போகும் பாலங்கள் உண்டு. எந்தப் பக்கத்து வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று பாலத்துக்கு முன்னால் அம்புக்குறி போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, "இத நம்ம மலை ரோட்ல வெச்சா எத்தினி சண்டை மிச்சமாவும்!" என்றார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நாமும் சிரித்தோம், வேறு விதமாக. "இன்னா சிஸ்டர், பாரின்ல மாப்ள பாத்து வெச்சிருக்கீங்களா?" என்று நம்மில் ஒருவர் கேட்டார். யார் என்று எழுதப்போவதில்லை. கேட்டபோது நானும் சிரித்தேன்.

அரசு ஊழியர் வெளிநாடு போகத் தடையின்மைச் சான்று வேண்டும். விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் அக்கா 'மலைகளைப் பார்க்க' என்று எழுதினார். அலுவலகத்தில் அதைப் படித்த அதிகாரி அவரை நிற்கவைத்துக் கேட்டாராம்: "மலையிலதான வேலை பாக்கறீங்க? அப்பறம் இன்னாத்துக்கு அங்க போயி மலை பாக்கணும்?" கோப்பு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார். ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று மறுபடியும் வந்தது. அந்த வருடம் அப்படியே போனது. அடுத்த வருடம் சான்று கிடைத்தது. மொத்தம் பதின்மூன்று நாள் விடுப்பு. அத்தனை நாளும் அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று நான் ஒப்புக்கொண்டால் போதும்.

என் இரண்டு பிரசவங்களுக்கும் என் வேலையைச் சேர்த்துப் பார்த்தவர் அக்கா. என் கணவருக்குக் கால் முறிந்தபோது ஒரு மாதம் முழுக்கப் பார்த்தார். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அவர் விமான டிக்கெட் போட இருந்த வாரத்தில் நான் போய் நின்றேன். "அக்கா, திருப்பத்தூர்ல எங்க நாத்தனார் வூட்டுக் கிரகப்பிரவேசம். சரியா அந்த நாள்லதான் வருது. நா போவலன்னா வூட்ல பிரச்சன ஆய்டும். நீங்க வர்ற வருஷம் போலாமா?"

அக்கா வரைபடத்தை அதன் மடிப்புகளிலேயே மடித்தார். "சரி, போய்ட்டு வா" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். பந்தியில் ஜாங்கிரி நன்றாக இருந்தது. நான் வரவில்லை என்றாலும் அங்கே யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

'வர்ற வருஷம்' வந்தபோது அக்காவுக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. கணையத்தில் புற்றுநோய். எத்தனை மாதம் என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பே எங்கள் இருவருக்கும் தெரியும். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னால் வேலூர் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். பாதியாகக் கரைந்து கிடந்தார். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதைச் சொன்னேன்.

"என்ன மன்னிச்சிடுங்க அக்கா. நா அன்னிக்கு அப்டி சொல்லியிருக்கக் கூடாது."

அவர் கோபப்படவில்லை. சோர்வாக, ஆனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார்:

"இப்ப அத வாங்கிக்கினு நா இன்னா பண்றது மல்லிகா?"

பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாவு வீட்டில் அவர் தம்பி என்னிடம், "தனியா அவ்ளோ தூரம் போயி கார் ஓட்டணும்னு ஒரு பைத்தியம் இருந்துச்சி அவளுக்கு. நல்லவேள, நீங்கல்லாம் போவாம பாத்துக்கினீங்க" என்றார். நன்றியோடுதான் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்கா என்னை மன்னித்துவிட்டார் என்று முடித்தால் படிக்கிற உங்களுக்கும் எனக்கும் ஆறுதலாக இருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய சேவையையும் பொறுமையையும் நீங்கள் பங்கிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் அவர் கேட்ட அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னிடம் கேட்டது.